ஒரு பேச்சுக்கு

"உங்களுக்கு நண்பர்கள்னு யாருமே இல்லையா?" என்று நர்ஸ் கேட்டாள்.

கேட்ட விதத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை. காய்ச்சல் இருக்கிறதா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்ட அதே குரலில்தான் இதையும் கேட்டாள். ரோஷக்காரிக்குப் பொறுக்காமல் போனதே அதுதான். இளப்பமாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

வலது மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்திக் கிடக்கிறது. மூன்று விரல்கள் மரத்துப்போய், டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது. சின்ன அறுவை சிகிச்சைதான். காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் மயக்க மருந்து கொடுப்பதால் தனியாக வெளியே விடமாட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் நேரில் வந்து கையோடு அழைத்துப் போகவேண்டும். டாக்சி பிடித்துப் போகிறேன் என்றால் கேட்பதில்லை. ஆள் இல்லையென்றால் அறுவை இல்லை. அடுத்த தேதி குளிர்காலம் முடிந்து கிடைக்கலாம்.

"வீட்டுக்காரர்?"

"வேலை. புது வேலை. இப்ப லீவு கேட்டா, வேலையே வேண்டாம்னு எடுத்துக்குவாங்க."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. எங்க ஊர்ல அத்தை வீட்ல இருந்து படிக்கிறா."

அதற்குப் பிறகுதான் நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நிறைய பேர் இருக்காங்க" என்றாள் ரோஷக்காரி.

"ஒருத்தர் போதும்" என்றாள் நர்ஸ்.

ரோஷக்காரி என்பது வீட்டார் வைத்த பெயர். சான்றிதழ்களில் இருக்கும் பெயர் வேறு; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு விநாடி யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். சின்ன வயதில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது எல்லாப் பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிட்டவர்கள் இவளை மட்டும் விட்டுவிட்டார்கள். இவள் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாதிச் சாப்பாட்டில் சித்தி எட்டிப் பார்த்து, "நீயும் வந்து உக்கார வேண்டியதுதானேடி? உனக்கு மட்டும் வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்று கேட்டாள். "ஆமா, அழைக்கணும்" என்றாளாம் இவள். அன்றைக்கு ஒட்டிய பெயர். கல்யாணமாகிப் போன இடத்துக்கும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது.

கணவன் முதலில் இந்த நாட்டுக்கு வந்தான். பஸ் டெப்போ வேலை இப்போது கிடைத்தது; அப்போது வேறு வேலை. ஒரு வருஷம் கழித்து இவளைக் கூப்பிட்டுக்கொண்டான். அதுவரை ஊரில் ஒரு சோப்புக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். அங்கே சிநேகம் என்பது போய்த் தேடவேண்டிய பொருளாக இருக்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து வம்பளந்தது. பிடிக்கவில்லை என்றாலும் விடாது.

இங்கே மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. படியில் இறங்குகிறவர்கள் இவளைப் பார்த்ததும் சுவரோடு ஒதுங்கி வழி விடுவார்கள். மரியாதைதான். ஆனால் பிணம் போகும்போது ஒதுங்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

"அண்ணி, அங்க ஃப்ரெண்ட்ஸெல்லாம் கிடைச்சாங்களா?" என்று நாத்தனார் போனில் கேட்பாள்.

"ஏன் கிடைக்காம? பேசி மாளல போ" என்பாள் இவள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால், சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் மொடமொடவென்று வரும். அந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்கவேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. பிடித்து, உதறி, மடித்து, ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து வந்து, தன் கையில் இருக்கும் முனைகளை எதிராளியின் கையில் சேர்க்கவேண்டும். பிறகு குனிந்து மடிப்பை எடுத்து மறுபடி வரவேண்டும். ஒற்றை ஆளாக யாரும் விரிப்பு மடிக்க முடியாது.

எதிரே நின்றவள் அந்த ஊர்க்காரி. நல்ல உயரம். இவள் மனதுக்குள் அவளுக்கு நெட்டை என்று பெயர் வைத்தாள். நாள் முழுக்க நெட்டை இவளை நோக்கி வந்தாள், இவள் நெட்டையை நோக்கிப் போனாள், விரலோடு விரல் பட்டது. கூடப்பிறந்தவளோடுகூட அவளுக்கு அவ்வளவு நெருக்கம் இருந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி விரிப்பின் முனையைக் கொடுக்கும்போது, நெட்டை இவள் கையைப் பிடித்தபடியே சொன்னாள்: "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன். பக்கத்துலதான் இருக்கேன்."

ரோஷக்காரி அன்று மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

"எந்த நாள்?" என்று கேட்டான் கணவன்.

"ஒரு நாள்னா."

"அது எந்தக் கிழமையில வருது? செவ்வாய்க்கு அப்புறமா?"

"உங்களை யாராவது கூப்பிட்டிருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

நெட்டை நாள் சொல்வாள் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. விரிப்பு மடிந்துகொண்டிருந்தது. ஒருவேளை நாள் பார்க்கவேண்டியது கூப்பிடப்பட்டவளோ, இப்படித் தாமதிப்பது அவளை அவமதிப்பதாக ஆகிவிடுமோ என்று இவளுக்குக் கவலை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு, கை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு புறப்பட்டாள். பஸ்ஸில் போகும்போது நெட்டை ஒருமுறை காட்டியிருந்த பச்சைக் கதவு. மணியை அழுத்தினாள்.

நெட்டை தலையில் சாயம் பூசி, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தாள். காதோரம் கறுப்பு வழிந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? வேலையில ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. வந்தேன்."

"ஏன்?"

வீட்டு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. பகையாளியைக்கூட யாரும் அப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. பகையாளியாக இருந்தால் ஏன் வந்தான் என்று தெரிந்திருக்கும், கேட்க அவசியமில்லை.

செருப்புகள் கழற்றிப் போட்டிருந்த இடம் வரை உள்ளே விட்டாள். கூடத்தில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். நெட்டை பழப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடி ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. அதைக் குடித்துவிட்டு ரோஷக்காரி கிளம்பினாள். "அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க" என்று நெட்டை சிரித்த முகத்தோடு கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்தவள் சமையலறையில் எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துத் திரும்பத் தேய்த்தாள். சுத்தமாக இருந்த பாத்திரங்கள்.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா" என்றான் கணவன். "இங்க அப்படித்தான். வணக்கம் சொல்ற மாதிரி."

"அப்ப வணக்கம்னு சொல்ல வேண்டியதுதானே! எதுக்கு வீட்டுக்கு வாங்கன்னு சொல்லணும்?"

"ஏன், நம்ம ஊர்ல பேச்சுக்குக் கூப்பிடறது கிடையாதா?"

"நம்ம ஊர்ல பேச்சுக்குக் கூப்பிட்டா குரல்லயே தெரியும். வாய் வாங்க வாங்கன்னு சொல்லும், கால் கதவை மறிச்சுகிட்டு நிக்கும். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரியும். இவ கண்ணைப் பார்த்துச் சொன்னா. கையைப் பிடிச்சுகிட்டுச் சொன்னா. கையைப் பிடிச்சுப் பொய் சொல்றவளை எதுல சேர்க்கறது?"

"சரி, அந்தப் பழத்தையாவது நமக்கு வெச்சிருக்கலாம்" என்றான். அவன் அன்று தனியாகத்தான் சாப்பிட்டான்.

மறுநாளிலிருந்து அவள் நெட்டையிடம் பேசுவதை விட்டாள். ஆனால் கை பேசியே ஆகவேண்டும். அது அந்த வேலையின் சாபம். கோபமாக இருந்தாலும் நடந்து போய் முனையைக் கொடுத்தாகவேண்டும். அவள் உதறுகிற உதறலில் விரிப்புகள் பட்டாசு மாதிரி வெடித்தன. "அந்த விரிப்பு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?" என்று சூப்பர்வைசர் கேட்டான். மணிக்கட்டு வலி அதற்குப் பிறகுதான் கூடியது. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.

நர்ஸிடம் போய்வந்த செய்தி சலவைக்கூடத்தில் எப்படியோ பரவிவிட்டது. நெட்டை முகத்தை உருக வைத்துக்கொண்டு சொன்னாள்: "அறுவையாமே! ஏதாவது உதவி வேணும்னா தயங்காம சொல்லுங்க."

தயங்காமல் என்ற வார்த்தையை அவள் அழுத்தியே சொன்னாள். ரோஷக்காரி தயங்கவில்லை.

"வேணும். வியாழக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

நெட்டையின் கையில் இருந்த முனை நழுவியது. "வியாழக்கிழமையா... வியாழக்கிழமை பாருங்க... பையனைப் பாட்டு வகுப்புல விடணும்..."

"சரி."

"வேற ஏதாவது உதவின்னா..."

"வேற அறுவை எனக்கு இல்ல" என்றாள் ரோஷக்காரி. மறுநாள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு வாழ்த்து அட்டை அவள் அலமாரியில் இருந்தது. சீக்கிரம் குணமாகுங்கள். பூப்படம். பின்பக்கம் சிரிக்கும் முகம் ஒன்றை சூப்பர்வைசர் வரைந்திருந்தான். அவள் அதை நான்காக மடித்தாள், முனையோடு முனை பிசகாமல்.

இனி மிச்சம் ஒருத்திதான். தையல்காரி.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், இரண்டு மெஷின் போட்டால் நிறைந்துவிடும் கடை. கணவனுக்கு டெப்போவில் கொடுத்த சீருடைக் கால்சட்டை தரையைக் கூட்டியதால், அதை மடித்துத் தைக்கப் போனபோது பழக்கம். தையல்காரியும் வந்தேறிதான்; வேறு ஏதோ தேசம். பல வருஷமாக இருக்கிறாள், தனியாக இருக்கிறாள். அந்த ஊர் மொழியை இருவருமே கையை ஊன்றி, காலை ஊன்றித்தான் பேசினார்கள். அந்த மொழியில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. ஆனால் நெட்டை பேசினால் ரோஷக்காரியின் காதில் 'நீங்க' என்று விழும். தையல்காரி பேசினால் 'நீ' என்று விழும்.

வேலை முடிந்து வரும்போது ஒரு கால்மணி நேரம் அங்கே நிற்பாள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஜிப்பு விட்டுப்போகிறவர்கள் எல்லாரும் தாங்கள் பெருக்கவில்லை, ஜிப்புதான் சுருங்கிவிட்டது என்கிறார்கள் என்பாள் தையல்காரி. வாயில் குண்டூசி வைத்திருந்தால் புருவத்தால் பதில் சொல்வாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். நேரமானதும் இவள், "சரி, போயிட்டு வரேன்" என்பாள். தன் மொழியில் இருப்பதை வார்த்தை வார்த்தையாக எடுத்து அந்த ஊர் மொழியில் வைப்பாள். தையல்காரி தலையை ஆட்டுவாள்.

அப்படியும் அவளைச் சிநேகிதி என்று எண்ணிப் பார்க்க இவளுக்கு ஒரு தடை இருந்தது. கடையின் மூலையில் கெட்டில் இருந்தது. பக்கத்தில் எப்போதும் இரண்டு கப்புகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒரு நாளாவது, ஒரு வாய் டீ குடிக்கிறாயா என்று கேட்டதில்லை. அந்த இரண்டாவது கப்பில் யாரோ ஒருத்தி வந்து குடித்துவிட்டுப் போகிறாள். யாரவள், எந்த விதத்தில் நம்மைவிட உசத்தி என்று ரோஷக்காரி பஸ்ஸில் போகும்போது யோசித்திருக்கிறாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. வேறு வழி இல்லை. கடைக்குள் போனவள் உட்காராமலே கேட்டாள்.

"வியாழக்கிழமை சாயந்தரம் ஆஸ்பத்திரியில இருந்து என்னைக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். நீ வருவியா? முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாது. ஒரு பேச்சுக்கு வரேன்னு சொல்லிடாதே. அந்த மாதிரி ஆட்களைப் பார்த்து எனக்கு அலுத்துப் போச்சு."

தையல்காரி வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்தினாள். கடைசி ஊசியையும் குத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"யார் யாருக்குச் சொல்றது? வார்த்தையைக் காப்பாத்தணும்னு நீ எனக்குச் சொல்றியா? நீ?"

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"தினமும் பொய் சொல்லிட்டுப் போறவ நீ."

"நானா? பொய்யா? என்ன பொய்?"

"நேத்து போகும்போது என்ன சொன்னே?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன்."

"வந்தியா?"

"இதோ வந்திருக்கேனே!"

"நேத்து வந்தியா?"

"அது... அது போகும்போது சொல்றது."

"போகும்போது போறேன்னு சொல்லணும். திரும்பி வரேன்னா, வெளிய போய் ஒரு சாமான் வாங்கிட்டு இதோ வந்துடறேன்னு அர்த்தம். இந்த ஊர்ல பச்சைக் குழந்தைக்கும் தெரியும்."

"போறேன்னு சொல்லக் கூடாது! எங்க மொழியில செத்துப் போறவங்கதான் ஒரேயடியாப் போறாங்க."

"நீ சாகப் போகலையே? வீட்டுக்குத்தானே போனே?"

பதில் சொல்ல வார்த்தை இல்லை. அதாவது அந்த மொழியில் இல்லை. அவளுடைய மொழியில் வண்டி வண்டியாக இருந்தது. தையல்காரி எழுந்து மூலைக்குப் போய் ஒரு கப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"இது யாருக்குன்னு நினைச்சே?"

ரோஷக்காரி கப்பைப் பார்த்தாள்.

"ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினாத்தான் நான் டீ போடுவேன். அதுக்கு முன்னாடி போட்டா எவனாவது பொத்தான் தைக்க வந்து ஆற வெச்சிடுவான். நீ திரும்பி வரேன்னு சொன்னே. அதனால உனக்கும் தண்ணி வெச்சேன். உக்காந்திருந்தேன். ஆறேகால் பஸ் போயிடும். அப்புறம் ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போவேன். ஒரு மாசமா."

"மறுநாள் கேட்டிருக்கலாமே, ஏன் வரலன்னு?"

"வரேன்னு சொன்னவங்களை ஏன் வரலன்னு எங்க ஊர்ல கேக்க மாட்டோம். கேட்டா, உன் வார்த்தையை நான் நம்பலன்னு ஆயிடும்." கப்பை ஓசையோடு கவிழ்த்தாள். "நான் நம்பினேன்."

நெட்டையைப் பற்றித் தான் சமையலறையில் நின்று கத்தியது அத்தனையும் வேறொரு வாயிலிருந்து திரும்பி வருவதை ரோஷக்காரி கேட்டாள். கேட்டதால் கோபம் தணிந்தது என்று சொன்னால் அது அவள் கதை ஆகாது. இரண்டு மடங்காகிவிட்டது. அதுவும் இதுவும் ஒன்றா? நெட்டை சொன்னது வெறும் பேச்சு. தான் சொன்னது தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. தன் அம்மா சொன்னது, அவள் அம்மா சொன்னது. அதுவும் ஒரு பேச்சுக்குத்தான் என்று இவளிடம் ஒப்புக்கொள்வதைவிட, மணிக்கட்டு அழுகி விழட்டும்.

"நீ வரவே வேண்டாம்" என்று வாசலுக்குத் திரும்பினாள்.

படியில் நாக்கு நின்றுவிட்டது. போறேன் என்பது தொண்டையை விட்டு ஏறவில்லை. ஒன்றும் சொல்லாமல் போவதும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "போயிட்டு வரேன்."

"பார்த்தியா! மறுபடியும்!" என்று தையல்காரி பின்னால் இருந்து கைகொட்டினாள்.

வீட்டில் கணவன் சீருடையைக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்திருந்தான். இவள் பையை எறிந்தாள். தண்ணீர் குடித்தாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள்.

"எங்க?"

"ஒருத்திகிட்ட வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சாப்பிட்டுட்டுப் போயேன்."

"சாப்பிட்டுட்டுப் போனா அவ சொன்னது நிஜமாயிடும்."

"என்ன சொன்னா?"

"நான் பொய்க்காரியாம்!"

கணவன் எழுந்து உட்கார்ந்தான். "அடப்பாவி, உன்கிட்ட நேராவே சொல்லிட்டாளா?" என்றான். அவன் குரலில் பயமும் கொஞ்சம் பொறாமையும் இருந்தன.

பஸ் நிறுத்தத்தில் ஆளில்லை. ஆறேகால் பஸ் போயிருந்தது. தையல் கடையின் ஷட்டர் பாதி இறங்கி, கீழே வெளிச்சம் தெரிந்தது. ரோஷக்காரி குனிந்து உள்ளே நுழைந்தாள். நிமிரும்போது தலை இடித்துக்கொண்டது, அந்த எரிச்சலும் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

"வந்துட்டேன்."

"தெரியுது" என்றாள் தையல்காரி. அவள் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டு கப்புகளும் நிமிர்ந்திருந்தன.

"வரேன்னு சொன்னா வருவேன்."

"இன்னிக்கு."

"இன்னிக்குச் சொன்னது பொய்யா? சொல்லு!"

"இன்னிக்குப் பொய் இல்ல. நேத்து வரைக்கும் பொய்."

"நான் வரமாட்டேன்னு தெரியும்ல, அப்புறம் எதுக்கு ஷட்டரைப் பாதியில நிறுத்தினே?"

தையல்காரி டீயை ஊற்றினாள். சர்க்கரை இல்லை, பால் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. இதற்காகவா ஒரு மாதமாக அந்தக் கப்பைப் பார்த்துப் பொருமினோம் என்று இருந்தது. வாயைத் திறந்து அதைச் சொல்லவும் சொன்னாள். "பிடிக்கலன்னா வெச்சிடு" என்றாள் தையல்காரி. இவள் வைக்கவில்லை.

பாதிக் கப்பில் தையல்காரி கேட்டாள்: "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?"

"நீதான் வரலையே."

"நான் வரலன்னு எப்பச் சொன்னேன்? நீதான் வரவேண்டாம்னு சொன்னே. நீ கேட்டதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லல."

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். ரோஷக்காரிக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"அந்த வார்த்தை, உன் மொழியில எப்படி?" என்று தையல்காரி கேட்டாள். இவள் சொன்னாள். அவள் வாயில் அது பல வடிவம் எடுத்து ஒரு வழியாக நின்றது. "போயித்து வாரேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஆக, உங்க மொழியில இப்படிச் சொன்னா வரமாட்டாங்க."

"வருவாங்க!"

"ஆனா அன்னிக்கு வரமாட்டாங்க."

வியாழக்கிழமை காலையில் தையல்காரியே ஆஸ்பத்திரி வரை வந்தாள். அழைத்துப் போகிற ஆளை முன்கூட்டியே கண்ணால் பார்க்கவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பார்த்துத் திருப்தியானதும், தையல்காரி கடை திறக்கக் கிளம்பினாள். கதவருகே நின்று, இவளைத் திரும்பிப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, "போயித்து வாரேன்" என்றாள்.

"என்ன சொல்றாங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"வராங்களாம்" என்று சொன்ன பிறகுதான் ரோஷக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த அர்த்தத்தில் சொன்னாள்? அவள் அர்த்தத்திலா, நம் அர்த்தத்திலா? கேட்பதற்குள் ஊசி போட்டுவிட்டார்கள்.

கண் விழித்தபோது வலது கை வெள்ளைப் பொதியாக வயிற்றின் மேல் கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் மடித்து வைத்திருந்த விரிப்பு அவர்கள் சலவைக்கூடத்தில் மடித்தது; ஓரத்துப் பட்டையைப் பார்த்தாலே தெரியும். முனைகள் கோணலாக இருந்தன. தன் இடத்தில் நெட்டைக்கு எதிரே யாரையோ நிறுத்தியிருக்கிறார்கள். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஆனது. நான்கு தாண்டியது. மற்றவர்களை அழைத்துப் போக ஆட்கள் வந்தார்கள். ஒருத்தியை அழைக்க மூன்று பேர் வந்தார்கள். இது அநியாயம் என்று இவளுக்குத் தோன்றியது. ஒருவர் போதும் என்று விதி இருக்கிறதே.

"உங்க நண்பர் வருவாங்கதானே?" என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

ரோஷக்காரி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் சத்தம் கேட்டால் காது நிமிர்ந்தது. அந்த இரண்டு வார்த்தைகளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்த தன் வாயை என்ன செய்தால் தகும்? கூடவே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஊற்றாத கப்புக்கு முன்னால் ஒருத்தி இப்படித்தான் ஒவ்வொரு பஸ்ஸாகக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதும் வந்தது. அதை அவள் விரும்பவில்லை. தள்ளினாள். அது போகவில்லை.

"சில பேர் வரேன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் ஏதாவது வேலை வந்துடும்" என்றாள் நர்ஸ், ஆறுதலாக. "இன்னிக்கு ராத்திரி இங்கேயே இருக்க ஏற்பாடு பண்ணட்டுமா?"

"அவ அந்தச் சில பேர்ல சேர்த்தி இல்ல!" என்று ரோஷக்காரி போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓரடி பின்னால் போனாள். "அவளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஷட்டரைப் பாதியில நிறுத்தறவ அவ!"

நர்ஸ் அதை மயக்கத்தின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணி ஆகும்போது தையல்காரி வந்தாள். மூச்சு வாங்கியது. சட்டையின் மார்பில் வரிசையாகக் குண்டூசிகள் அப்படியே இருந்தன.

"நாலு மணின்னு சொன்னேன்!"

"பஸ் வரல. அடுத்தது வந்துச்சு, நிக்கல. பாதி தூரம் நடந்தேன். உன் வீட்டுக்காரர் டெப்போ பஸ்தானே, போய் அவரைக் கேளு!"

"எதுக்கு என் மொழியில சொல்லிட்டுப் போனே? நான் அதை எப்படி எடுத்துக்கறது? வருவியா வரமாட்டியான்னு தெரியாம ஒரு மணி நேரமா உயிர் போகுது எனக்கு!"

"உன் மொழி உனக்குப் புரியும்னு நினைச்சேன்" என்றாள் தையல்காரி.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவங்கதானே உங்க நண்பர்?" என்று மறுபடி கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள்.

"பின்ன?" என்றாள் ரோஷக்காரி.

ஒற்றைக் கையால் மேல்கோட்டைப் போட முடியவில்லை. தையல்காரி மாட்டிவிட்டு, ஒரு பொத்தான் தொங்குவதைப் பார்த்து, நூலைப் பல்லால் கடித்துப் பொத்தானைப் பையில் போட்டுக்கொண்டாள். குண்டூசி ஒன்று இவள் தோளில் குத்தியது. அதற்கும் ஒரு சண்டை நடந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கேட்டு வாங்கினாள். மூன்று மாடியும் பின்னாலேயே ஏறி வந்தாள். எதிரே இறங்கிய இரண்டு பேர் சுவரோடு ஒதுங்கினார்கள். தையல்காரி அவர்களை நிறுத்தி, "கையில அடிபட்டிருக்கு, பையைப் பிடிங்க" என்றாள். அவர்கள் பிடித்தார்கள்.

வாசலில் கட்டுப் போட்ட கையோடு ரோஷக்காரி நின்றாள். தையல்காரி திரும்பிப் படி இறங்கினாள்.

"சரி. போறேன்."

"போறேன்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

கீழே இருந்து குரல் மட்டும் வந்தது. "அப்படிச் சொன்னா நான் திரும்பி வரணுமே!"

"வாயேன்! வந்தா கால் தேஞ்சா போயிடும்?"

"எப்ப?"

ரோஷக்காரி கைப்பிடிச் சுவரில் எட்டிக் கத்தினாள். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"நாளைக்கு! வெள்ளிக்கிழமை! ஆறு மணிக்கு! அந்தப் பொத்தானை எடுத்துட்டு வா!"

மாடிப்படி வளைவில் காலடி நின்றது. பிறகு, நிறுத்தி நிதானமாக, அந்த இரண்டு வார்த்தைகள் மேலே ஏறி வந்தன. பாதி தப்பாக.